பெல்கிரேடில் மூன்று நாள்: பையில் இருக்கவேண்டிய சீட்டுகள்

செர்பியத் தலைநகர் பெல்கிரேடில், சாவா ஆறு டான்யூபோடு கலக்கும் முனையில், குன்றின் மேல் நிற்கிறது கலேமெக்தான் கோட்டை. ரோமானியர் இந்த இடத்தைச் சிங்கிதுனும் என்றார்கள். 1521-இல் ஒட்டோமான்கள் பிடித்தார்கள், 1717-இல் ஆஸ்திரியப் படை பிடித்தது, மறுபடி ஒட்டோமான்கள் வந்தார்கள். கடைசியில் 1867-இல் கோட்டையின் சாவி செர்பிய இளவரசர் மிகைலோவின் கைக்கு வந்தது. இத்தனை கை மாறிய கோட்டைக்குள் இன்று நுழைவுக் கட்டணமே கிடையாது. 1928-இல் இவான் மெஷ்த்ரோவிச் வடித்த வெற்றிவீரன் சிலையருகே மாலையில் போய் நின்றால், இரண்டு ஆறுகளும் இரண்டு நிறத்தில் வந்து சேர்வதைக் காசில்லாமல் பார்க்கலாம்.

அந்த அழகைச் சொல்லப் பல பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது சில துண்டுக் காகிதங்களைப் பற்றி. பதினைந்து நாள் சுற்றுலாவில் ஒரு நாள் வீணானால் தாங்கிக்கொள்ளலாம். மூன்று நாள் பயணத்தில் ஒரு நாள் போனால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. அப்படி நாளும் பணமும் போவது பெரும்பாலும் திருடனால் அல்ல, நாம் வாங்காமல் விட்ட அல்லது படிக்காமல் விட்ட ஒரு சீட்டினால்.

முதல் சீட்டு: விசா

செர்பியாவுக்கு இந்தியர்கள் விசா இல்லாமல் போகலாம் என்று சொல்லும் காணொளிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவை ஒரு காலத்தில் உண்மைதான். 2017 செப்டம்பர் முதல் சாதாரண இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் விசா விலக்கு இருந்தது. 2023 ஜனவரி 1 முதல் அது ரத்து. விசா இல்லாமல் பெல்கிரேடில் இறங்கி, அங்கிருந்து எல்லை தாண்டி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைவோர் பெருகியதால் ஒன்றியம் கொடுத்த நெருக்கடியே காரணம். இந்த வரலாறு சுற்றுலாப் பயணிக்கும் முக்கியம். தனியாகப் போகும் இளைஞரிடம் எல்லையில் கேள்வி அதிகம் கேட்பது இதனால்தான். ஹோட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட், செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று மூன்றையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். போனில் இருக்கிறது என்று சொல்லி, அங்கே போய் சார்ஜ் இல்லாமல் நிற்க வேண்டாம்.

இன்றைய நிலையில் புதுடெல்லியில் உள்ள செர்பியத் தூதரகத்தில் விசா வாங்க வேண்டும். ஒரு விலக்கு உண்டு: செல்லுபடியாகும் ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா), பிரிட்டன் அல்லது அமெரிக்க விசா உள்ளவர்கள், அந்த விசா செல்லும் காலத்துக்குள், தனி செர்பிய விசா இல்லாமலே 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். இத்தகைய விலக்குகள் ஓர் அரசாணையில் மாறிவிடக்கூடியவை. ஆகவே டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் அன்றே செர்பிய வெளியுறவு அமைச்சகத்தின் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பிரிட்டன், கனடா பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அவர்களுக்கு விசாவே வேண்டாம்.

ஆனால் பெரிய பொறி வேறு இடத்தில் இருக்கிறது. செர்பியா ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, ஷெங்கனிலும் இல்லை. அதைச் சுற்றியுள்ள ஹங்கேரி, குரோஷியா, ருமேனியா, பல்கேரியா நான்கும் ஷெங்கன் நாடுகள். நம்மவர்கள் வழக்கமாகப் போடும் திட்டம் இது: ஹங்கேரியின் புடாபெஸ்டில் இரண்டு நாள், பெல்கிரேடில் மூன்று நாள், மறுபடி புடாபெஸ்ட் வந்து விமானம். வரைபடத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் விசா ஒட்டியில் நுழைவுகளின் எண்ணிக்கைக்கான கட்டத்தில் 01 என்று அச்சாகியிருந்தால், பெல்கிரேடுக்குப் புறப்பட்ட கணமே அந்த விசாவின் வேலை முடிந்தது. தேதி மீதம் இருந்தாலும் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். புதிதாக ஒரு விமான டிக்கெட், வேறு வழி, கூடுதல் ஹோட்டல் நாள் எல்லாம் சொந்தச் செலவு.

இதற்குத் தீர்வு விண்ணப்பிக்கும்போதே இருக்கிறது. பயணத் திட்டத்தில் பெல்கிரேடை மறைக்காமல் காட்டி, ஹோட்டல் பதிவையும் இணைத்து, பலமுறை நுழைவு விசா தேவை என்று எழுதிக் கேளுங்கள். அதற்குப் பிறகும் 01 என்றே வந்தால், பெல்கிரேடைக் கடைசி ஊராக வைத்து அங்கிருந்து இஸ்தான்புல், தோஹா, துபாய் வழியாக ஊர் திரும்பும்படி மாற்றலாம். ஒரே நுழைவைப் பயன்படுத்தி முடித்த ஷெங்கன் விசாவை விலக்குக்கு ஏற்பீர்களா என்று செர்பியத் தூதரகத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி, வரும் பதிலை அச்செடுத்துப் பையில் வையுங்கள். சென்னை விமான நிலையக் கவுண்டரில் இருப்பவருக்கு உங்கள் விளக்கம் வேண்டாம், காகிதம் வேண்டும். பயண ஆவணம் சரியில்லை என்று விமானத்தில் ஏற்ற மறுத்தால் இழப்பீட்டு விதிகள் எதுவும் உங்களுக்கு உதவாது.

பால்கன் சுற்றில் கொசோவாவையும் சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. அல்பேனியா அல்லது வடக்கு மாசிடோனியா வழியாகக் கொசோவாவுக்குள் போய், அங்கிருந்து நேராகச் செர்பியாவுக்குள் நுழையப் பார்த்தால் திருப்பி அனுப்புவார்கள். கொசோவாவைச் செர்பியா தனி நாடாக ஏற்கவில்லை. ஆகவே உங்கள் நுழைவு அவர்கள் கணக்கில் பதிவாகாத நுழைவு. செர்பியாவை முதலில் முடித்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். ‘டூரிஸ்டாக செர்பியா போய் இறங்கு, அங்கிருந்து ஆள் வந்து இத்தாலிக்குக் கூட்டிப்போவான்’ என்று பேசும் ஏஜென்டுகள் நம்மூரிலும் உண்டு. அதற்குப் பெயர் சுற்றுலா அல்ல, ஆள் கடத்தல். காசு கொடுத்தவர்தான் காட்டில் நிற்பார்.

இறங்கியதும்

நிக்கோலா டெஸ்லா விமான நிலையத்தில், வெளியே வருமுன் டாக்ஸி தகவல் மேசை ஒன்று இருக்கும். போகும் முகவரியைச் சொன்னால், அந்தப் பகுதிக்கான நிலையான கட்டணம் அச்சிட்ட சீட்டைத் தருவார்கள். சீட்டுக்குக் காசு இல்லை. அதை ஓட்டுநரிடம் காட்டி ஏறுங்கள். வாசலில் பெட்டியைப் பிடித்து இழுத்து ‘டாக்ஸி, டாக்ஸி’ என்பவர்களிடம் அந்தச் சீட்டு இருக்காது. நகருக்குள்ளும் ஓர் எளிய அடையாளம் உண்டு: உரிமம் பெற்ற டாக்ஸியின் நம்பர் பலகை ‘டிஎக்ஸ்’ என்று முடியும், கூரைமேல் நகராட்சி எண் இருக்கும். மீட்டரில் கட்டண வகை எண்ணையும் ஒரு பார்வை பாருங்கள். 1 பகலுக்கு, 2 இரவுக்கும் ஞாயிறு, விடுமுறை நாட்களுக்கும், 3 நகர எல்லைக்கு வெளியே. ஊர் நடுவில் ஓடும்போது 3 எரிந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

டாக்ஸியே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னும் நல்ல செய்தி. 2025 ஜனவரி 1 முதல் பெல்கிரேடில் நகரப் பேருந்து, டிராம், டிராலி பஸ் எல்லாம் இலவசம். விமான நிலையத்திலிருந்து ஊர் நடுவே ஸெலெனி வெனாட்ஸ் வரை ஓடும் 72-ஆம் எண் பேருந்தும் அப்படியே. ஏ1 மினிபஸ் தனிக் கட்டண வண்டி. பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்புகிறவர்கள் கவனிக்க: சாவா ஓரத்திலிருந்த பழைய ரயில் நிலையம் 2018-இல் மூடப்பட்டது, ரயில்கள் இப்போது புரோகோப் நிலையத்திலிருந்து. தொலைதூரப் பேருந்து நிலையமும் 2024 செப்டம்பரில் ஆற்றைத் தாண்டிப் புதிய பெல்கிரேடுக்குப் போய்விட்டது.

அடுத்த சீட்டை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். செர்பியாவில் தங்கும் ஒவ்வொரு வெளிநாட்டவரின் முகவரியும் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் பதிவாக வேண்டும். ஊர் வழக்கில் இதற்கு ‘வெள்ளை அட்டை’ என்று பெயர். ஹோட்டலில் அவர்களே பதிந்துவிடுவார்கள். செயலி வழியாக வீடு எடுத்துத் தங்கினால் பதிய வேண்டியது வீட்டுக்காரர். சிலர் வரியைத் தவிர்க்க நினைத்து இதை விட்டுவிடுவார்கள். கேள்வி வரும்போது நிற்பது விருந்தாளி. எனவே முன்பதிவுக்கு முன்பே ‘பதிவு செய்து தருவீர்களா’ என்று செயலியின் செய்திப் பெட்டியிலேயே கேளுங்கள். தயங்குபவர் வீடு வேண்டாம். உறவினர் வீட்டில் தங்கினாலும் இதே விதிதான்; பிரிட்டன் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கும் இதே விதிதான்.

பணம், ரசீது, ஆறு

கடையிலும் உணவகத்திலும் தினார்தான். ஹோட்டல் விலையை யூரோவில் எழுதியிருந்தாலும் கணக்கு தினாரில் முடியும். பல ஆண்டுகளாக ஒரு யூரோ ஏறத்தாழ 117 தினாரை ஒட்டியே நிற்பதால் ஏமாற்றைக் கண்டுபிடிப்பது சுலபம். ‘மெஞாச்னிட்சா’ என்று பலகை வைத்த உரிமம் பெற்ற மாற்றுக் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. தெருவில் காதோரம் வந்து கேட்பவரிடம் மாற்றாதீர்கள். ஏடிஎம்மிலும் கார்டு எந்திரத்திலும் ‘ரூபாயிலேயே கழிக்கட்டுமா’ என்று கேட்டால், வேண்டாம், தினார் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் அந்த எந்திரத்துக்காரர் வைத்ததுதான் மாற்று விகிதம். மிச்சத் தினாரை அங்கேயே மாற்றிவிட்டு வாருங்கள், நம்மூரில் அதை வாங்க ஆள் கிடைக்காது.

கடைகளும் உணவகங்களும் வரித்துறை ரசீது தந்தாக வேண்டும். 2022 மே மாதம் நடைமுறைக்கு வந்த மின்னணு முறையில் அந்த ரசீதில் கியூஆர் கட்டம் இருக்கும். போனில் காட்டினால் வரித்துறைப் பக்கத்திலேயே தொகை தெரியும். இரவு விடுதியில் ஒரு கோப்பைக்குக் கண்ணைக் கட்டும் பில் வந்தால் சண்டை போடாதீர்கள். கியூஆர் உள்ள ரசீதைக் கேளுங்கள். துண்டுத்தாளில் எழுதிய கணக்குக்கு அந்த ரசீது தர அவர்களால் முடியாது, பேச்சின் தொனி மாறிவிடும். மிரட்டினால் 192, காவல்துறை. ஆம்புலன்ஸ் 194, தீயணைப்பு 193.

குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். ஆற்றில் மட்டும் இறங்க வேண்டாம். ஊரின் கழிவுநீர் பெருமளவு சுத்திகரிக்கப்படாமலே சாவாவிலும் டான்யூபிலும் கலக்கிறது. ஐரோப்பியத் தலைநகர் ஒன்றுக்கு இது வெட்கக்கேடு. நீந்த ஆசையென்றால் அதா சிகான்லியாவின் ஏரிக்குப் போங்கள். உள்ளூர்க்காரர்களும் கோடையில் அங்கேதான் கிடப்பார்கள். நேரமிருந்தால் ஆற்றின் மறுகரையில் நட்புப் பூங்காவையும் எட்டிப் பாருங்கள். நேருவும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் வந்திருந்த 1961-ஆம் ஆண்டின் முதல் அணிசேரா மாநாட்டையொட்டித் தலைவர்கள் மரம் நட்ட இடம் அது. கூட்டமே இருக்காது.

கெட்டது நடந்தால்

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் நிலையம் போய்ப் புகாரின் நகல் வாங்குங்கள், பிறகு பெல்கிரேடில் உள்ள இந்தியத் தூதரகம். அங்கே அவசரச் சான்றிதழ் தருவார்கள். அது இந்தியா திரும்ப மட்டும், ஒருவழி. அதை வைத்துக்கொண்டு புடாபெஸ்ட் போக முடியாது. தொலைந்த பாஸ்போர்ட்டோடு அதிலிருந்த விசாவும் போனதுதான்.

பயணக் காப்பீட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. ஷெங்கன் விசாவுக்காக வாங்கிய பாலிசி ஷெங்கன் நாடுகளுக்கு மட்டும் என்று எழுதப்பட்டிருக்கலாம். பாலிசியில் செர்பியா என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கால் முறிந்த செலவு முழுதும் உங்களுடையது.

பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் புகார்ப் படிவம் எழுதி எண் வாங்குங்கள். மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி பெட்டி சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையத்திலிருந்து புறப்படும் விமானம் போதிய முன்னறிவிப்பின்றி ரத்தானாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தாலோ தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை கேட்கலாம். புயல் போன்ற அசாதாரணக் காரணங்களுக்கு இது பொருந்தாது. பெல்கிரேடிலிருந்து புறப்படுவோருக்கும் செர்பியச் சட்டம் இதே மாதிரியான உரிமையைத் தருகிறது. தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

கார்டில் நீங்கள் செய்யாத செலவு தெரிந்தால் அன்றே வங்கிக்குச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாத மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது. ஆனால் ஓடிபியை நீங்களே சொல்லிக் கொடுத்திருந்தால் கதை வேறு.

ஊரில் பணம் வாங்கிய பயண முகவர் சொன்ன ஹோட்டலைத் தரவில்லை, விசா ஆலோசனையில் தவறு செய்தார் என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள், வழக்குப் போடலாம். முகவர் அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. வழக்கில் நிற்கப்போவது வாட்ஸ்அப் செய்தி, ரசீது, பயணத் திட்டத் தாள். போனில் வாயால் சொன்னதை அன்றைக்கே ஒரு செய்தியாக எழுதி அவருக்கே அனுப்பி வைத்துவிடுங்கள்.

இப்போதே பாஸ்போர்ட்டில் ஷெங்கன் விசா ஒட்டியிருக்கும் வாசகர்கள், பெல்கிரேட் டிக்கெட் வாங்குமுன் அதை எடுத்து அந்த ஒரு கட்டத்தைப் பாருங்கள்: 01-ஆ, 02-ஆ?