வீட்டிலேயே தச்சுப் பட்டறை: பெரியவர்களுக்குச் சில குறிப்புகள்

உங்கள் வீட்டுப் பெரியவருக்குத் தச்சுவேலை தெரிந்தால், தாழ்வாரத்திலேயே சிறு பட்டறை தொடங்கலாம். கதவு, யன்னல், கதிரை திருத்தும் வேலைகளுக்கு வெளியே அலையத் தேவையில்லை. வேலை மேசையை இடுப்பளவு உயரத்தில் அமையுங்கள், முதுகு நோகாது.

மரம் எடுக்கும்போது கவனம் வேண்டும். மிதிவெடி அகற்றப்படாத காணிக்குள் மரத்துக்கோ விறகுக்கோ போகாதீர்கள். யுத்தம் நடந்த இடத்து மரங்களுக்குள் செல் துண்டுகள் புதைந்திருக்கலாம். பட்டையில் பழைய காயமோ வீக்கமோ, பலகையில் கருநீலக் கறையோ தெரிந்தால் அந்தப் பகுதியில் வாள் வைக்க வேண்டாம். வாள் உடைந்து கண்ணில் தெறிக்கும். வெடிபொருள் என்று சந்தேகித்தால் தொடாமல் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

உங்கள் சொந்தக் காணியில் நின்றாலும் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்கப் பிரதேச செயலகத்தில் முதலில் அனுமதி பெற வேண்டும்.