ஆண் தவளை இட்ட முட்டைகள்

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உயிரியலாளர் டைரோன் ஹேய்ஸ் வளர்த்த 40 தவளைகளும் மரபணுப்படி ஆண்கள். தலைப்பிரட்டைப் பருவத்திலிருந்தே அவை நீந்திய தண்ணீரில், அட்ரசின் என்ற களைக்கொல்லி நூறு கோடியில் இரண்டரைப் பங்கு கலந்திருந்தது. வளர்ந்தபின் பார்த்தால் நான்கு தவளைகள் முழுப் பெண்ணாகியிருந்தன. அவற்றில் சில, வேறு ஆண் தவளைகளோடு இணைந்து முட்டையிட்டன. முட்டைகள் பொரிக்கவும் செய்தன. பிறந்த குஞ்சுகள் அத்தனையும் ஆண். தாயும் பிறப்பால் ஆண்தானே! 2010-இல் வெளியான ஆய்வு இது.

அந்த அளவைக் கண்முன் கொண்டுவர வேண்டுமானால், 10,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் ஓர் அரிசி மணியின் எடைக்கு மருந்து போட்டதாக வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் குடிநீருக்குச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு இதைவிடச் சற்று அதிகம்: நூறு கோடியில் மூன்று பங்கு.

இத்தனை சொற்பம் என்ன செய்துவிடும் என்று கேட்கத் தோன்றும். ஆனால் நம் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் ஓடுவதும் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான். அந்தத் துளியை நம்பித்தான் மாதவிடாயும் கருத்தரிப்பும் நடக்கின்றன. நஞ்சு கூடினால்தான் கேடு கூடும் என்ற பழைய கணக்கு ஹார்மோன் விஷயத்தில் எப்போதும் செல்லும் என்று சொல்ல முடியாது. எவ்வளவு சேர்ந்தது என்பதோடு, எந்த வயதில் சேர்ந்தது என்பதும் முக்கியம். கருவில் உறுப்புகள் உருவாகும் வாரங்கள் அதில் மிக நுட்பமானவை.

அட்ரசின் நேரடியாக ஹார்மோனாக நடிப்பதில்லை. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமட்டேஸ் என்ற நொதியை அது முடுக்கிவிடுகிறது. மனித அட்ரினல் சுரப்பியின் புற்றுச்செல்களிலேயே 2000-இல் இது காணப்பட்டது. எலிகளில் வேறொரு வழியும் உண்டு: மூளையின் சமிக்ஞை மங்கி, கருமுட்டை வெளியேறத் தேவையான எல்.எச். ஹார்மோனின் எழுச்சி தணிந்துவிடுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மனிதருக்கான இடரைக் கணக்கிடுவதே இந்த விளைவை வைத்துத்தான்.

தவளைகளில் அட்ரசின் இப்படிப் பாதிக்கும் என்பதை எல்லோரும் ஏற்கவில்லை. தயாரிப்பு நிறுவனமான சின்ஜென்டாவின் நிதியில் நடந்த ஆய்வுகளில் அத்தகைய பாதிப்பு தெரியவில்லை. ஹேய்ஸின் 2010 ஆய்வு வருமுன், 2007-இல், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் அதையே ஏற்றிருந்தது. 2012-இல் அந்நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ளாமல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடிநீர் அமைப்புகளுக்கு 10.5 கோடி டாலர் கொடுத்து, தண்ணீரில் அட்ரசின் கலந்தது தொடர்பான வழக்கை முடித்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியமோ, நிலத்தடி நீரில் கலப்பதைத் தடுக்க முடியாது என்று 2004-லேயே அனுமதி மறுத்துவிட்டது.

மனிதரிடம் என்ன தெரிகிறது? மிசூரி மாநிலத்தில் விந்தணுத் தரம் குறைந்த ஆண்களின் சிறுநீரில் அட்ரசின், அலாக்ளோர் எச்சங்கள் கூடுதலாக இருந்ததை 2003-இல் ஓர் ஆய்வு காட்டியது. அட்ரசின் மிகுதியாகத் தெளிக்கப்படும் இலினாய் பெண்களிடம் மாதவிடாய்ச் சுழற்சி ஒழுங்கற்றிருப்பது, வெர்மான்ட் பெண்களைவிட அதிகம் என்றது 2011-இன் இன்னொரு ஆய்வு. இவை தொடர்பைக் காட்டுகின்றன. காரணம் இதுவே என்று நிறுவவில்லை. மனிதரைத் தொட்டியில் வளர்த்துச் சோதிக்க முடியாது. அந்த இறுதிச் சான்றுக்குக் காத்திருப்பது, அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் தலையில் சோதனையை ஏற்றுவதாகும்.

நம் ஊரிலும் மக்காச்சோளம் விதைத்த சில நாட்களுக்குள், களை தலைகாட்டும் முன், ஈர மண்ணில் அடிக்கும் மருந்து இதுதான். கரும்புக்கும் உண்டு. 2020-இல் மத்திய அரசு தடை செய்ய உத்தேசித்த 27 மருந்துகளில் அட்ரசினும் இருந்தது. 2023-இன் வரைவு மூன்று மருந்துகளுக்கு மட்டுமே தடையை முன்மொழிந்தது. அந்த மூன்றில் அட்ரசின் இல்லை.