யாருக்குக் கோபம் வந்தது?

கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலய வளவுக்குள் சுவாமி விபுலானந்தரின் சமாதி இருக்கிறது. அவர் பாடிய 'ஈசன் உவக்கும் இன்மலர் மூன்று' மட்டக்களப்பில் படித்த எந்தப் பிள்ளைக்கும் மனப்பாடம். இறைவனுக்கு எந்தப் பூ வேண்டும், மல்லிகையா, தாமரையா என்று கேட்டுக்கொண்டே போய், அவன் வேண்டுவது உள்ளம், கூப்பிய கை, அவன்மேல் நாட்டிய கண் என்று முடிகிற பாட்டு அது. நான் படிப்பித்த காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சமாதிக்குப் போவது வழக்கம். ஒருமுறை ஏழாம் வகுப்புப் பொடியன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், கையையும் கண்ணையும் காட்டலாம். உள்ளத்தை எங்க போய்ப் பறிக்கிற?"

தியானம், அகநோக்கு, தன்னை அறிதல் என்று நூற்றுக்கணக்கான புத்தகங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அத்தனைக்கும் அடியில் கிடப்பது இந்தக் கேள்விதான். நான் சுவாமியாரில்லை, ஆச்சிரமம் நடத்துகிறவளுமில்லை. கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். வாவிக்கரையில் வீடு. விடியற்காலையில் உட்கார்ந்து உள்ளே பார்க்கிற பழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. எனக்குத் தெரிந்ததை, இந்த மண்ணில் வைத்தே சொல்லப் பார்க்கிறேன்.

இந்த மண்ணில் வைத்து என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தியானம் என்றதும் இமயமலையையும் குகையையும் நினைக்கிறோம். விபுலானந்தரைப் பாருங்கள். 1892இல் காரைதீவில் மயில்வாகனனாகப் பிறந்தவர். புளியந்தீவில் யேசுசபைக் குருமார் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியில் படித்தார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர், லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர். இவ்வளவும் கையில் இருக்கும்போதுதான் 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் போய்ச் சேர்ந்தார். 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்றார். துறவு பெற்றவர் காட்டுக்குப் போகவில்லை. ஊருக்குத் திரும்பிப் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பெடுத்தார். 1929இல் தம் குருவின் பெயரால் உப்போடையில் வித்தியாலயம் திறந்தார். மாயாவதி ஆச்சிரமத்தில் 'பிரபுத்த பாரத' இதழுக்கு ஆசிரியராக இருந்த காலத்தில் இமயத்தையும் பார்த்தார்; மறுபடி வந்து 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். தன் விடுதலையும் உலக நன்மையும் ஒரே பாதை என்பது இராமகிருஷ்ண மிஷனின் கொள்கை. அதை எழுத்தில் வாசிப்பதைவிட அவருடைய வாழ்க்கையில் வாசிப்பது எனக்கு எளிதாக இருக்கிறது.

அவருடைய காதைப் பற்றியும் சொல்லவேண்டும். மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பது ஊரறிந்த சேதி. 1848இல் இங்கே வந்த எமர்சன் டெனென்ற் என்ற பிரித்தானிய அதிகாரியும் அந்த ஒலியைக் கேட்டு எழுதிவைத்தார். நிலவு நாளில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போய், துடுப்பை நீருக்குள் இறக்கி, மேல் நுனியில் காதை வைத்துக் கேட்பார்கள். பாடுவது மீனா, ஊரியா, நீரோட்டமா என்ற விவாதம் இருக்கட்டும். பழந்தமிழர் யாழிசையைத் தேடி 14 ஆண்டுகள் உழைத்து 'யாழ்நூல்' எழுதியவர் இந்த வாவியின் இன்னொலிக்கும் காது கொடுத்தவர். துடுப்பில் காது வைக்கிறவன் முதலில் செய்யவேண்டியது தோணியை ஆட்டாமல் இருப்பது. கொஞ்ச நேரத்துக்கு நீர் தோணியில் அடிக்கிற சத்தமும் தன் மூச்சும்தான் கேட்கும். அதையும் பொறுத்துக்கொண்டு இருந்தால்தான் அடியிலிருந்து வருவது காதுக்கு எட்டும். அகநோக்கைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் முதற்பாடம் இதுதான். மனத்தை வெறுமையாக்க வேண்டாம். அடக்கவும் வேண்டாம். ஆடாமல் இருந்து கேளுங்கள்.

நான் இருக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். விடிய நாலரைக்கு முகம் கழுவி, திருநீறு பூசி, பன்பாயில் சப்பாணி கட்டி உட்காருவேன். முழங்கால் நோகிறவர்கள் கதிரையில் இருக்கலாம். முதுகு நேராக இருந்தால் போதும். மூச்சு நாசித் துவாரத்தில் படும் இடத்தைக் கவனிப்பேன். காத்தான்குடிப் பக்கமிருந்து சுபஹ் பாங்கு கேட்கும். பிறகு வாவியில் வலைத்தோணிக்காரரின் குரல்கள், நாய், காகம், அடுத்த வளவில் தேங்காய் துருவுகிற சத்தம். எதையும் தள்ளமாட்டேன். கேட்டது என்று அறிந்து மூச்சுக்குத் திரும்புவேன். பதஞ்சலி எட்டுப் படிகள் சொன்னார்: இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இந்த எட்டையும் தமிழில் விரித்திருக்கிறார். நான் செய்வது ஆறாவது படியான தாரணைக்கான முயற்சி. மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது தாரணை. அது அறுபடாமல் ஓடினால்தான் தியானம். ஆகையால் 'தியானம் பண்ணுகிறேன்' என்பதைவிட 'இருக்கிறேன்' என்று சொல்லவே எனக்கு விருப்பம்.

மூச்சு கொஞ்சம் அடங்கியதும் உண்மையான வேலை தொடங்கும். அதற்குச் சைவ சித்தாந்தம் ஒரு கருவி தந்திருக்கிறது. பரீட்சைக்குப் பாடமாக்கிவிட்டு அதைக் கையில் எடுக்காமலே விட்டுவிடுகிறோம் என்பது என் கவலை. உள்ளம் என்று பொதுவாகச் சொல்வதைச் சித்தாந்திகள் நாலாகப் பிரித்தார்கள்: மனம், சித்தம், அகங்காரம், புத்தி. இந்த நாலும் சேர்ந்தது அந்தக்கரணம், அதாவது அகக்கருவி. மனம் ஒன்றைப் பற்றும், அது இதுவோ என்று ஐயப்படும். சித்தம் சிந்திக்கும். அகங்காரம் 'நான்' என்று எழும். புத்தி இதுதான் என்று தீர்மானிக்கும். இந்த நாலும் கருவிகள், உயிர் வேறு என்பது சித்தாந்தத்தின் உயிர்நாடி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டே சூத்திரங்களில் எழுதிய சிவஞானபோதம் உயிரை இந்தக் கருவிகளிலிருந்து பிரித்துக் காட்டித்தான் மேலே செல்கிறது.

இதை வைத்து ஒரு கோபத்தைப் பிரித்துப் பார்ப்போம். எங்கள் பக்கத்தில் தாய் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். எங்கள் அம்மாவின் வீடு தங்கைக்குப் போனது. முறையாகத்தான் போனது, எனக்கும் வேறு வளவு தந்தார்கள். ஆனாலும் தங்கை அந்த வீட்டுத் திண்ணையை இடித்துச் சீமெந்து போட்ட செய்தி வந்த நாளிலிருந்து எனக்குள் ஒரு கொதிப்பு. விடியற்காலை இருக்கையில் அதுவே முன்னால் வந்து நின்றது. விரட்டாமல் ஒவ்வொன்றாகக் கேட்டேன். மனம் பற்றியிருந்தது திண்ணையை. சித்தம் அதைச் சுற்றிப் பழைய கதைகளை அடுக்கிக்கொண்டிருந்தது: அம்மா அதில் இருந்து பன் கிழித்தது, மழைக்கு நாங்கள் அதில் ஒதுங்கியது. புத்தி ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டிருந்தது: 'அவளுக்கு அம்மாவில் பாசமில்லை.' இந்த மூன்றுக்கும் பின்னால் நின்றது அகங்காரம். அதன் குரல் மிகவும் சின்னது: 'என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே.'

கோபம் என்று நான் பெயர் வைத்திருந்தது அம்மாவை நினைத்த துக்கம். அதன்மேல் 'கேட்கவில்லையே' என்ற நோவு ஒரு தோல்போலப் போர்த்தியிருந்தது. இது ஒரே இருப்பில் தெரிந்துவிடவில்லை. பல விடியல்கள் அதே கொதிப்புத்தான் வந்தது. தெரிந்த பிறகு தங்கைக்குத் தொலைபேசி எடுத்து, திண்ணையைப் பற்றி ஒன்றும் பேசாமல், அம்மா பன் கிழிக்கும்போது பாடுகிற தாலாட்டின் இரண்டாம் அடி ஞாபகமிருக்கா என்று கேட்டேன். அவள் அழுதாள். நாங்கள் வெகுநேரம் கதைத்தோம்.

இன்னும் ஒரு படி உண்டு. கொதிப்பையும் துக்கத்தையும் 'கேட்கவில்லையே' என்ற நானையும் நான் பார்த்தேன் என்றால், பார்த்தது யார்? 1902 அளவில் திருவண்ணாமலை விரூபாட்ச குகையில் சிவப்பிரகாசம்பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு இளைஞரான ரமணர் எழுதிக்காட்டிய பதில்கள்தான் பின்னாளில் 'நான் யார்?' என்ற சிறு நூலாயின. அவர் காட்டிய வழி இதே கேள்வியைத் திரும்பத் திரும்ப அதன் மூலத்துக்குக் கொண்டுபோவது. அதற்கு மேல் நான் போனதாகச் சொல்லமாட்டேன். ஆனால் கேள்வி எழுகிற அந்தக் கணத்தில் கோபத்தின் பிடி தளர்வதை யாரும் சோதித்துப் பார்க்கலாம்.

உள்ளே பார்க்கத் திருவண்ணாமலைக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர் தாண்டினால் செங்கலடி. பதுளை வீதி பிரிகிற சந்தி. அங்கே ஒரு சிவதொண்டன் நிலையம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் வழியில் வந்த நிலையம். நல்லூர்த் தேரடிச் செல்லப்பா சுவாமியின் சீடரான யோகர், துறவு வாழ்வுக்கு முன் இரணைமடு நீர்ப்பாசன வேலையில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். 1964இல் சமாதியானார். செங்கலடியில் அவருடைய சீடர் ஒருவர் நெடுங்காலம் இருந்தார். ஊரார் அவரைச் சந்தசுவாமி என்றும் சோல்பரி சுவாமி என்றும் அழைத்தார்கள். 1944இல் அரசியலமைப்பு ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கி வந்து, பின் 1949 முதல் 1954 வரை இலங்கையின் மகாதேசாதிபதியாக இருந்த சோல்பரிப் பிரபுவின் மூத்த மகன் அவர். பெயர் ஜேம்ஸ் ராம்ஸ்பொதம். தகப்பனின் பிரபுப் பட்டம் 1971இல் அவருக்கு வந்தது. துறவி துறவியாகவே இருந்து 2004இல் மறைந்தார். சோல்பரி என்ற பெயர் எங்கள் ஆட்களுக்கு அரசியலில் கசப்புத் தந்த பெயர். அதே பெயரை உடையவர் வேட்டியோடு செங்கலடியில் சும்மா இருக்கப் பழகினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு இளகும்.

உள்ளே பார்ப்பது சைவர்களின் தனிச்சொத்தும் அல்ல. மிக்கேல் கல்லூரியை நடத்திய யேசுசபையாருக்கு அவர்களுடைய நிறுவனர் இஞ்ஞாசியார் நாளுக்கு இருமுறை ஆன்ம சோதனையை விதித்தார்: மத்தியானமும் இரவும் அன்றைய நாளை எடுத்து வைத்துப் பார்ப்பது. எங்கள் பகுதி முஸ்லிம் ஊர்களில் சூபி வழியினர் கூடி இறைநாமத்தைத் திக்ராக ஓதுவார்கள்.

இனிச் சொல்லப்போவதை வாசகர்கள் கவனமாக வாசிக்கவேண்டும். தியானம் எல்லாருக்கும் எந்த நேரமும் நல்லது என்று மேடையில் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். இது போர் பார்த்த மண். 2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் கல்லடியையும் நாவலடியையும் வழித்துக்கொண்டு போன மண். என் அயலில் இடியப்பம் அவித்து விற்கிற ஒரு பெண் இருக்கிறாள். அன்று நாவலடியில் இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவள். ஒருநாள் என்னோடு பாயில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் எழும்பிவிட்டாள். "கண்ண மூடினா தண்ணி வருகுது டீச்சர்."

இது அவளுடைய பலவீனமல்ல. பெரும் அதிர்ச்சி கண்டவர்கள் கண்ணை மூடி உடம்புக்குள் கவனத்தைத் திருப்பும்போது, அந்த நாள் மறுபடி நடப்பதுபோல் வரலாம். அமெரிக்காவில் பிறவுண் பல்கலைக்கழகத்தின் வில்லோபி பிரிட்டன் போன்றவர்கள் தியானத்தில் நேரும் இத்தகைய இடர்களையே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பயமும் நித்திரையின்மையும் விடாமல் தொடர்ந்தால் முதலில் போகவேண்டியது ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செல்லப்பா சுவாமியின் வாக்குகளில் ஒன்று, ஒரு பொல்லாப்பும் இல்லை என்பது. பெரிய வாக்கு. ஆனால் அது ஒருவர் தாமாகக் கண்டடைய வேண்டியது. பிள்ளையை இழந்தவளின் முகத்துக்கு நேரே அதை எடுத்துச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

அவளுக்கு வேறு வழி பார்த்தோம். அவள் கிளினிக்குக்குப் போய் வருகிறாள். பின்னேரங்களில் வியாபாரம் முடிந்ததும் என் வீட்டுப் படியில் இருப்பாள். கண் திறந்திருக்கும். வாவியைப் பார்த்தபடி, காணும் ஐந்து பொருள்களின் பெயரை மெல்லச் சொல்வாள்: தோணி, கண்ணா மரம், கொக்கு, பாலம், என் செருப்பு. பிறகு இரண்டு பாதமும் படியில் அழுந்துவதைக் கவனிப்பாள். நெஞ்சு அடிக்கத் தொடங்கினால் 'பயம் வருகுது' என்று வாய்விட்டுச் சொல்வாள். 'நான் பயப்படுகிறேன்' என்பதற்கும் 'பயம் வருகுது' என்பதற்கும் நடுவே அவளுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. சித்தாந்திகள் உயிரையும் கருவியையும் பிரித்த இடமும் அதுதான் என்று எனக்குத் தோன்றும். அவளிடம் அதைச் சொன்னதில்லை. அவளுக்கு அது தேவைப்படவுமில்லை.

ஒவ்வொரு டிசம்பரும் நாவலடி நினைவுத்தூபிக்கு அவள் போவாள். விளக்கு ஏற்றுவதற்குள் தலை சுற்றி, யாராவது கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். போன டிசம்பர் தனியாக நடந்து வந்து என் படியில் இருந்தாள்.

"கடைசி மட்டும் நிண்டன் டீச்சர். ரெண்டு பேருக்கும் நானே விளக்கு வெச்சன். மறுகா, பக்கத்தில நிண்ட பொம்புள ஒராள் விழப் பாத்தா. நான்தான் புடிச்சன்."