பதவிக்கு விலை பேசினால் 'சைமனி'... யார் அந்த சீமோன்?

திருச்சபைப் பதவிகளைப் பணத்துக்கு விற்பதையும் வாங்குவதையும் ஆங்கிலத்தில் 'சைமனி' என்பார்கள். ஒரு மனிதரின் பெயர்தான் இப்படிக் குற்றத்தின் பெயராக மாறிவிட்டது!

அவர் சமாரியாவில் மாயவித்தை செய்துவந்த சீமோன். புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் நடபடிகள் 8-ம் அதிகாரத்தில் அவர் கதை வருகிறது. பேதுருவும் யோவானும் தலையில் கைவைத்து ஜெபித்ததும் மக்கள் பரிசுத்த ஆவியைப் பெற்றனர். அதைப் பார்த்த சீமோன், அந்த வல்லமை தனக்கும் வேண்டும் என்று பணத்தை நீட்டினார். பேதுரு கடுமையாகக் கண்டித்தார். உடனே, தனக்காக வேண்டிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார் சீமோன். பேரம் படியவில்லை. ஆனால், பெயர் நிலைத்துவிட்டது. லத்தீனில் 'சிமோனியா' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது.

இடைத்தரகருக்கும் தண்டனை

பதவியோடு நிலமும் வருமானமும் சேர்ந்துவந்ததால், பிற்காலத்தில் பலர் சீமோன் வழியில் போனார்கள். 451-ல் கால்சிடன் பொதுச்சங்கம் இதைத் தடை செய்தது. விற்பவர், வாங்குபவர் மட்டுமல்ல, நடுவில் பேரம் பேசியவருக்கும் தண்டனை உண்டு!

அப்படியும் நிற்கவில்லை. 1045-ல் 9-ம் பெனடிக்ட் போப் பதவியையே பணம் பெற்றுக்கொண்டு தன் ஞானத்தந்தைக்கு விட்டுக்கொடுத்தார். 6-ம் கிரிகோரி என்ற பெயரில் போப் ஆன அவர், மறு ஆண்டே சூத்ரி சங்கத்தில் பதவியை இழந்தார்.

கடனை அடைத்தது யார்?

விலைகொடுத்தவர் போட்ட பணத்தை எடுக்கத்தானே பார்ப்பார்? ஜெர்மனியின் ஆல்பிரெக்ட், 1514-ல் மைன்ஸ் பேராயர் ஆனார். அதற்காக ரோமுக்குச் செலுத்த வேண்டிய பெருந்தொகையை ஃபுக்கர் குடும்பத்திடம் கடன் வாங்கினார். பாவ மன்னிப்புச் சீட்டு விற்ற பணத்தில் பாதி, அந்தக் கடனை அடைக்கப் போனது. நம்பிக்கையோடு சீட்டு வாங்கிய எளிய மக்களின் காசு அது. இந்த விற்பனையை எதிர்த்துத்தான் 1517-ல் மார்ட்டின் லூதர் தன் 95 கருத்துகளை எழுதினார்.

இன்று என்ன சட்டம்?

கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி, இப்படிப் பெற்ற பதவி செல்லாது. போப் தேர்தல் மட்டும் விதிவிலக்கு. 1996-ல் வந்த விதிப்படி, பேரம் பேசியவர்கள் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவார்கள். ஆனால், தேர்தல் செல்லும். போப் உண்மையானவர்தானா என்ற சர்ச்சை எழக் கூடாது என்பதே காரணம்.

இன்னொரு சுவாரஸ்யம்... பேதுருவின் இயற்பெயரும் சீமோன்தான்! பணத்தை நீட்டியவரும் சீமோன், மறுத்தவரும் சீமோன். அகராதியில் குற்றமாகப் பதிந்தது என்னவோ நீட்டியவரின் பெயர்தான்.