மலை நிறையக் கல், தீட்டத்தான் கல் இல்லை

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல கைவேலைச் சிலையின் கண்ணிமையைக் கிட்ட வைத்துப் பாருங்கள். உப்புத்தாள் தேய்த்த தடமே இருக்காது. உளி சீவிய இடம் தானாகவே மின்னும். அந்த மினுக்கு மரத்துக்கு வருமுன் உளியில் இருந்தது; உளிக்கு அதைக் கொடுத்தது ஒரு கல்.

ஊருக்கு மேற்கே கல்வராயன் மலை. பெரும்பகுதி சார்னோக்கைட், அதாவது பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் உள்ள அதே கருநீலப் பாறை. அதிலுள்ள குவார்ட்ஸ் எஃகையே கீறும். அப்படியானால் அதில் ஒரு சில்லை உடைத்து வந்து உளி தீட்டலாமே? தீட்டினால் உளி பாழ்! அதன் மணிகள் பெரிதும் சிறிதுமாக, ஒன்றோடொன்று இறுகிக் கிடக்கின்றன. பெரிய மணி ஆழமாகக் கீறிவிடும்; மழுங்கிய மணியோ இடத்தை விட்டு நகராது. நல்ல தீட்டுக்கல்லில் மணிகள் ஒரே அளவில் இருக்கும். மழுங்கியதும் உதிர்ந்து, அடியிலுள்ள புது மணிக்கு வழிவிடும். தேயாத கல் தீட்டாது.

கல்லின் மேல் போட்டிருக்கும் எண் இந்த மணியின் அளவைச் சொல்கிறது. எண் ஏற ஏற மணி சிறுக்கும். 1,000 எண் கல்லில் ஒரு மணி ஏறத்தாழ 14 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான்). தலைமுடியின் பருமனில் ஐந்தில் ஒரு பங்குதான். 8,000-இல் ஒன்றரை மைக்ரான் அளவுக்கு இறங்கிவிடும். உளியின் வாய் என்பது இரண்டு முகங்கள் சந்திக்கும் கோடு. முகத்தில் விழுந்த கீறல் அந்தக் கோட்டில் பல்லாக நிற்கும், மரத்தைப் பிய்க்கும்.

முன்பு குருந்தக்கல் பொடியை அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்தார்கள். குருந்தம் சேலம் பக்கத்திலேயே கிடைக்கும். 1891-இல் அமெரிக்கர் எட்வர்ட் அச்செசன், செயற்கை வைரம் செய்யும் ஆசையில் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தில் கொதிக்கவிட்டார். வைரம் வரவில்லை, வந்தது சிலிக்கான் கார்பைடு, குருந்தத்தைவிடக் கடினமானது. அவர் அதற்கு வைத்த பெயர் கார்போரண்டம். அந்தப் பெயரைத் தாங்கி 1954-இல் சென்னையிலும் ஒரு நிறுவனம் தொடங்கியது. ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு என்று ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கறுப்புக் கல் இந்தச் சரக்குதான்.

சிற்பிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வளைந்த வாய் உளியின் உட்புறத்தைத் தட்டைக் கல் தொடாது. அதற்கு விளிம்பு உருண்ட சிறு கல் வேண்டும். அவசரத்துக்கு மோட்டார் சாணையில் பிடித்தால் நுனி சூடேறும். 300 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது எஃகு நீலம் பாரிக்கும். பதம் போய்விட்டது என்று அர்த்தம். கைக்கல்லில் எண்ணெயோ தண்ணீரோ விட்டுத் தீட்டினால் இந்தப் பயமில்லை. உதிரும் இரும்புத்தூளும் கல்லின் துளையில் அடைக்காமல் மிதந்து வந்துவிடும்.

தீட்டியது போதுமா என்று விரலே சொல்லும். உளியின் பின்முதுகிலிருந்து நுனிக்கு வெளியே மெல்ல வழித்தால் ஒரு பிசிறு தட்டுப்படும். இந்தப் பக்கம் எஃகு தேய்ந்து அந்தப் பக்கம் மடிந்த விளிம்பு அது. வாயின் முழு நீளத்துக்கும் பிசிறு வந்திருந்தால் அந்தக் கல்லின் வேலை முடிந்தது.

முதல் கல் வாங்குகிறவர் 8,000-க்கு ஆசைப்பட வேண்டியதில்லை என்பது என் கட்சி. வாகை மாதிரி முரட்டு மரத்தில் அந்த நுண்கூர் வெகுநேரம் நிற்காது. 1,000 எண் கல் ஒன்று, பிசிறை எடுக்கப் பச்சை மெருகுக்கட்டி தேய்த்த தோல்பட்டை ஒன்று. மிச்சக் காசுக்கு இன்னொரு உளி வாங்கலாம்.