தொழில் பழகுநரும் வருமான வரிச் சலுகையும்

தாம்பிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமும் விளைவிக்கும் நிலச்சுவான்தார்களில் அரிசி ஆலை நடத்துவோரும் உளர். ஊர்ப் பிள்ளையைப் பழகுநராகச் சேர்த்த மாத்திரத்தில் வருமான வரி குறையும் என்று அவர்கள் எண்ணுவதுண்டு. இது பாதியே சரி.

நிலத்தின் விளைவால் வரும் வருமானத்திற்கு மத்திய சர்க்காரின் வருமான வரி கிடையாது. ஆகையால் வயல் வேலைக்கு ஆள் வைப்பதில் வரிச் சலுகைக்கு இடமில்லை. பிறரிடம் நெல் வாங்கி அரிசியாக்கி விற்கும் லாபம் வியாபார வருமானமாகும். சலுகை இதனையே சாரும்.

1961-ஆம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டப்படி, பழகுநர் பயிற்சி பெறுபவரேயன்றித் தொழிலாளியாகார். 2019-ஆம் வருஷத்து விதிகளின்படி, 30 பேருக்குக் குறையாமல் உள்ள ஸ்தாபனம் பழகுநரைச் சேர்த்தே தீரவேண்டும். 4 முதல் 29 பேர் உள்ளது விரும்பினால் சேர்க்கலாம். அவருக்கு அளிக்கும் உதவித்தொகையை வியாபாரச் செலவாகக் கழிக்கலாம். 2016 ஆகஸ்டில் தொடங்கிய தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், அத்தொகையில் 25 சதவிகிதத்தை, மாதம் 1,500 ரூபாய்க்கு மேற்படாமல், மத்திய சர்க்கார் ஏற்றது. முதலில் முதலாளிக்குத் திருப்பித் தரப்பட்ட இப்பணம், 2023 முதல் பழகுநரின் பாங்குக் கணக்கிலேயே செலுத்தப்பட்டது. இது பண உதவி, வரிச் சலுகையன்று.

பயிற்சி முடித்தவரைச் சம்பள வேலையில் அமர்த்தும்போதே வரிச் சலுகை கிட்டும். 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தில் 80ஜேஜேஏஏ பிரிவாக இருந்து, 2025-ஆம் வருஷத்துப் புதிய சட்டத்திலும் இடம்பெற்றுள்ள ஏற்பாடு இது. புதிதாகக் கூடிய ஆட்களின் சம்பளத்தில் 30 சதவிகிதத்தை, மூன்று வருஷங்களுக்கு, வரிக்குரிய வருமானத்திலிருந்து கூடுதலாகக் கழிக்கலாம். மாதம் 15,000 ரூபாய் வீதம் வருஷம் முழுதும் சம்பளம் பெறும் ஒருவருக்கு, வருஷந்தோறும் 54,000 ரூபாய் கழியும். கழிவது வருமானத்திலேயன்றி வரியிலன்று என்பதை மறத்தலாகாது.

இதற்கு நிபந்தனைகள் உண்டு. ஆலைக் கணக்கு வருமான வரிச் சட்டப்படி தணிக்கைக்கு உட்பட்டதாயிருத்தல் வேண்டும். ஆட்களின் மொத்தத் தொகை முன் வருஷத்தினும் கூடியிருக்க வேண்டும். சம்பளம் மாதம் 25,000 ரூபாய்க்கு மேற்படாமலும், பாங்கு வழியாகவும் கொடுக்கப்படவேண்டும். புதியவர் பிராவிடெண்டு பண்டில் சேர்ந்து, வருஷத்தில் 240 நாட்களுக்குக் குறையாமல் வேலை பார்த்திருக்க வேண்டும். அறுவடைக் காலத்திற்கு மட்டும் ஆள் வைத்து மற்றக் காலத்தில் நிறுத்திவிடும் ஆலைக்கு இது கிட்டாது.

பேட்டை அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் தேறிய பிள்ளையைச் சேர்ப்பவர், ஒப்பந்தத்தை முறைப்படி பதிவு செய்தல் முதற் கடமை. பயிற்சியில் காயம் நேர்ந்தால் நஷ்டஈடு அளிக்கும் பொறுப்பும் அவரையே சார்ந்தது. பதிவில்லையேல் முதலாளிக்கு உதவி இல்லை. பிள்ளைக்கோ, உழைத்த காலத்திற்குச் சான்றிதழும் இல்லை. கிராம அதிகாரிகள் இதனைப் பெற்றோருக்கு எடுத்துரைப்பது நன்று.