பழைய விசைப்படகு வாங்குவோர் அறிய வேண்டியவை

1953ஆம் ஆண்டில் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்திய-நார்வே மீன்வளத் திட்டத்தின் பணிகள் தொடங்கிய காலத்தில், நம் கடற்கரைகளில் இயந்திரம் பொருத்திய மீன்பிடிப் படகு அரிய காட்சியாக இருந்தது. இன்று அத்தகைய படகு இல்லாத மீன்பிடித் துறைமுகம் இல்லை. படகுகள் பெருகவே, பழைய படகுகளின் விற்பனையும் பெருகியுள்ளது. பல்லாண்டு பிறர் படகில் உழைத்த ஒருவர் முதன்முதலாகச் சொந்தப் படகு வாங்கும்போது, பெரும்பாலும் பழைய படகையே நாடுகிறார். அவருடைய வாழ்நாள் சேமிப்பு மட்டுமன்றி, அவருடன் கடலேறுவோரின் உயிரும் அந்தத் தேர்வைப் பொறுத்திருக்கிறது. தரையில் பழுதுற்ற வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிடலாம். கடலில் அதற்கு இடமில்லை.

படகைத் தண்ணீரில் மிதக்கும் நிலையில் மட்டும் பார்த்து விலை பேசுதல் ஆகாது. அதனைக் கரையேற்றி, அடிப்பகுதியைத் தேய்த்துத் துடைத்தபின் ஆராய வேண்டும். புதிதாக வண்ணம் பூசப்பட்ட படகை இரட்டிப்புக் கவனத்துடன் நோக்குதல் நலம். வண்ணம் அழகைத் தருவது போலவே குறையையும் மறைக்கும்.

மரப்படகுக்கு இருவகைப் பகைகள் உண்டு. நீர்மட்டத்துக்குக் கீழே கப்பல்புழு. மேலே காளான்வகை நுண்ணுயிர்களால் உண்டாகும் உளுப்பு. கப்பல்புழு உண்மையில் புழுவன்று, சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிராகும். கண்ணுக்குப் புலப்படாத இளமைப் பருவத்தில் மரத்தினுள் புகுந்து, உள்ளேயே வளர்ந்து, நீண்ட சுரங்கங்களைக் குடைகிறது. வெளியே ஊசிமுனை அளவுத் துளை மட்டுமே தெரியும். உள்ளே பலகை தேன்கூடு போலாகியிருக்கும். உளுப்போ மழைநீர் தேங்கும் இடங்களில் தோன்றுகிறது. உவர்நீர் ஊறிய மரத்தைவிட நன்னீர் ஊறிய மரமே எளிதில் உளுத்துப்போகும். ஆதலால் மேல்தளத்தின் மூலைகள், இயந்திர அறையின் கூரை, சட்டங்களின் இணைப்புகள் ஆகியவற்றைத் தவறாமல் சோதிக்க வேண்டும். சிறு மரச்சுத்தியால் தட்டும்போது நல்ல மரம் கணீரென ஒலிக்கும். கெட்ட மரம் மந்தமாக ஒலிக்கும். ஐயம் தோன்றும் இடத்தில் கூரிய முனையால் குத்திப் பார்த்தால் உண்மை விளங்கும்.

கண்ணாடியிழைப் படகைப் புழு தின்பதில்லை. எனினும் அது குறையற்றதன்று. மேற்பூச்சினூடே நீர் மெல்ல ஊடுருவி, உள்ளேயுள்ள வேதிப்பொருள்களைக் கரைத்து அழுத்தத்தை உண்டாக்குவதால், அடிப்பகுதியில் கொப்புளங்கள் எழும்புகின்றன. சில கொப்புளங்களைச் செப்பனிட முடியும். ஆனால் தட்டும்போது ஓரிடம் பொத்தென்று ஒலித்தால், இழை அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துள்ளன என்று கொள்ளலாம், அது பெருங்குறை.

அடுத்து உலோகப் பகுதிகள். வெவ்வேறு உலோகங்கள் ஒன்றோடொன்று தொடர்புற்றுக் கடல்நீரில் இருக்கும்போது, மின்கலத்தில் நிகழும் செயலே அங்கும் நிகழ்கிறது. செம்பும் இரும்பும் சேர்ந்திருந்தால் இரும்பு கரைந்துபோகிறது. இதனைத் தடுக்கவே துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகின்றனர். துத்தநாகம் தான் கரைந்து மற்ற உலோகங்களைக் காக்கிறது. பாதிக்குமேல் கரைந்த கட்டியை மாற்றிவிட வேண்டும். நெடுநாள் நீரில் கிடந்தும் சற்றும் கரையாத கட்டியைக் கண்டு மகிழ்தல் தவறு. அதன்மேல் வண்ணம் பூசப்பட்டிருக்கலாம், அல்லது உலோகத் தொடர்பு அறுந்திருக்கலாம். அத்தகைய படகில் விசிறியும் தண்டும் காவலின்றி இருந்துள்ளன என்பது பொருள்.

இயந்திரத்தை அது குளிர்ந்துள்ள நிலையில் முடுக்கிப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே சூடேற்றி வைத்த இயந்திரம் தன் நோயைக் காட்டாது. எனவே முதலில் கையால் தொட்டுப் பார்த்தல் நலம். எண்ணெய் அளவுகோலில் பால்போன்ற நிறம் தெரிந்தால் எண்ணெயில் நீர் கலந்துள்ளது. ஓடும்போது வெளிவரும் கரும்புகை, எரிபொருள் முற்றும் எரியாமையை அல்லது மிகைச்சுமையைக் குறிக்கும். நீலப்புகை மசகெண்ணெய் எரிவதைக் குறிக்கும். சூடேறிய பின்னும் நீங்காத வெண்புகை, எரியாத எரிபொருளையோ உருளையுள் நீர் கசிவதையோ குறிக்கும். பின்னர் ஒரு மணி நேரமேனும் கடலில் ஓட்டி, குளிர்விப்பு நீர் தடையின்றி வெளிவருகிறதா, முழு விசையில் குறித்த சுழற்சி வேகத்தை இயந்திரம் எட்டுகிறதா எனக் காண வேண்டும். எட்டாவிடில் இயந்திரம் தளர்ந்திருக்கலாம், விசிறி பொருந்தாதிருக்கலாம், அல்லது அடிப்பகுதியில் சிப்பிகள் படிந்திருக்கலாம். தண்டு வெளியேறும் இடத்தில் கயிற்று அடைப்பு இருப்பின், ஓடும்போது சில சொட்டு நீர் வடிதல் இயல்பே. ஒழுக்காக வழிதல் தேய்மானத்தின் அறிகுறி.

பெரிய இயந்திரம் பொருத்திய படகே சிறந்தது என்னும் எண்ணமும் ஆராயத்தக்கது. நீரை விலக்கிச் செல்லும் வகைப் படகு தான் எழுப்பும் அலையாலேயே தடுக்கப்படுகிறது. நீர்மட்டத்தில் 9 மீட்டர் நீளமுள்ள படகுக்கு ஏறத்தாழ 7 கடல்மைல் வேகமே இயல்பான எல்லை. அதாவது மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர். அதற்குமேல் ஏற்றும் விசையில் பெரும்பகுதி அலையை எழுப்புவதிலேயே வீணாகும். தேவைப்படும் திறன் ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப்படி உயர்வதால், வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் திறனில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகும். எரிபொருளே பெருஞ்செலவாக உள்ள தொழிலில் இது சிறு செய்தியன்று.

இறுதியாக ஆவணங்கள். கடல் மீன்பிடிப் படகுகளின் பதிவை மாநில மீன்வளத் துறையினர் கவனிக்கின்றனர். ஆறுகளிலும் காயல்களிலும் இயங்கும் விசைக்கலங்களுக்கு, 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பொருந்தும். பதிவுச் சான்றிலுள்ள எண்ணும் படகிலும் இயந்திரத்திலும் உள்ள எண்களும் ஒத்துள்ளனவா என்று காண்க. படகின்மீது கடன் நிலுவை உண்டா என்பதை விசாரித்தறிந்து, பெயர்மாற்றத்துக்கு வழி செய்தபின்னரே முழுத்தொகையைத் தருக.

கண்ட குறைகளையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றையும் செப்பனிடும் செலவைத் தச்சரிடமும் இயந்திரப் பணியாளரிடமும் கேட்டறிந்து, அதனை விலையிலிருந்து கழித்துப் பேசுதல் முறை. கையிலுள்ள பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாமல், முதலாண்டுப் பழுதுகளுக்கும் உயிர்காப்புச் சட்டைகளுக்கும் ஒரு பகுதியை ஒதுக்கி வைக்க வேண்டும். பார்த்த முதற் படகையே வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. குறை மிகுந்த படகை விட்டு விலகி வருவதும் நல்ல வாணிகமே.